கழுத்துப்பட்டியும் தண்ணி வாளியும்

வைகாசி வெயிலில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வட்டக்கச்சி றோட்டில் சைக்கிள் ஓடிய மனிதன் யார் என்று பழைய ஆட்களைக் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் என்னைத்தான் காட்டுவார்கள். மறுக்க வழியில்லை. கண்டவர்கள் அதிகம்.

அந்தக் கழுத்துப்பட்டி என் கலியாண எழுத்துக்கு வாங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இடம்பெயர்விலும் என் மனைவி அதால்தான் பாயைச் சுருட்டிக் கட்டினாள். அலுமாரி போய், கட்டில் போய், கூரை ஓடும் போன பிறகு கழுத்துப்பட்டி மட்டும் மிஞ்சியது அதனால்தான். அன்று காலை கண்ணாடிக்கு முன்னால் நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க, அவள் குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"உதைக் கட்டிக்கொண்டு எங்க போறியள்?"

"பள்ளிக்கூடத்துக்கு. இண்டைக்கு விசாரணை."

"எனக்குப் பாய் கட்டுற முடிச்சுத்தான் தெரியும். அதைப் போட்டுவிடட்டோ?"

போட்டுவிட்டாள். பாய் முடிச்சோடுதான் போனேன். வாய்க்கால் மதகில் குந்தியிருந்த ஒருவர் என்னைக் கண்டு பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"அண்ணை, கலியாணமோ, வழக்கோ?"

"வழக்கு."

"அப்ப கவனமாப் போங்கோ. கழுத்தில ஏற்கெனவே கயிறு கிடக்கு."

நானும் சிரித்துக்கொண்டுதான் போனேன். அவர் சொன்னது பகிடி என்று நினைத்தேன்.

அது சண்டை நின்று பாதை திறந்திருந்த சமாதான காலம். கூட்டுறவுச் சங்கக் கடையில் நான் முகாமையாளர். முகாமையாளர் என்றால் சீனியும் பருப்பும் நிறுத்து, மண்ணெண்ணெய் அளந்து கொடுக்கிறவர். அதோடு பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளர். அந்தப் பதவி கிடைத்ததற்குக் காரணம், தெரிவுக் கூட்டத்தில் நான் விட்ட ஒரு பகிடி. எல்லோரும் சிரித்தார்கள், சிரிப்பு அடங்க முதல் யாரோ என் பெயரை முன்மொழிந்தார்கள், அந்தச் சிரிப்போடேயே கைகளும் உயர்ந்தன.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எங்கும் எழுதி வைக்காத ஒரு முறை இருந்தது. பிள்ளை குழப்படி செய்தால் அதிபர் "தாய் தேப்பனைக் கூட்டிக்கொண்டு வா" என்பார். தாயோ தகப்பனோ வருவார்கள். கதிரையில் இருக்க முதலே, வந்த வேகத்தில் பிள்ளையின் முதுகில் இரண்டு வைப்பார்கள். வைத்துவிட்டு, "கண்ணை மட்டும் விட்டிட்டு உரிச்செடுங்கோ சேர்" என்று சொல்லுவார்கள். அவ்வளவு நேரமும் கோபத்தோடு இருந்த அதிபர் உடனே எழும்பி ஓடிவந்து, "சரி சரி, விடுங்கோ, பிள்ளையை ஏன் அடிக்கிறியள்" என்று குறுக்கே நிற்பார். தண்டிக்க இருந்தவர் காப்பாற்றுகிறவர் ஆகிவிடுவார். அதற்குப் பிறகு அவர் எப்படித் தண்டிக்கிறது? பிள்ளை அழுதுகொண்டு வகுப்புக்குப் போகும். தாய் பிளேன்ரீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவாள். விசயம் முடிந்துவிடும்.

இது காட்டுமிராண்டித்தனம் என்று நான் கண்டுபிடித்தது கிளிநொச்சியில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில். சமாதானம் வந்த கையோடு பட்டறைகளும் வந்திருந்தன. பிள்ளையின் உரிமை, பெற்றோரின் குரல், இரண்டு பக்கமும் கேட்ட விசாரணை என்று ஒரு இளம் பெண் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினா. மத்தியானம் கோழிப் புரியாணிப் பார்சலும் தந்தார்கள். பார்சல் சாப்பிட்டு முடிக்கும்போது நான் வேறு மனிதன்.

அதன் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் பெற்றோர் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். "அண்ணை, நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ." நானும் போய்க் கதைப்பேன். அதிபரின் பாக்குமரத்தில் ஏறிய பொடியனுக்காக, "சேர், மேல போனவன் கீழ வந்திட்டான், இனி என்ன குற்றம்" என்றேன். அதிபர் சிரித்தார். கரும்பலகையில் ஆசிரியரின் வழுக்கையைக் கீறியவனுக்காக, "கீறினதில பிழை இருந்தா மட்டும் தண்டியுங்கோ" என்றேன். அந்த ஆசிரியரே சிரித்துவிட்டார். சிரிக்க வைத்தால் பிள்ளை தப்பும் என்று ஒரு சட்டமே என் மண்டைக்குள் எழுதி வைத்துவிட்டேன். அந்த அதிபர் என் நண்பர் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

நண்பர் என்றால் சாதாரண நண்பர் இல்லை. உருத்திரபுரத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இடம்பெயர்ந்து காட்டோரம் கிடந்த வருடங்களில் அவர் மரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம் நடத்த, நான் அந்த மரத்துக்குத் தென்னோலைக் கிடுகு வரிந்து கொடுத்தேன். என் மகளுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்த நாளில் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவர் அவர். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

இனி வாளிக் கதை.

வாய்க்கால் கரையோரம் ஒரு குடியேற்றம். மலையகத்தில் அடிபட்டு, எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு வந்த தோட்டக் குடும்பங்கள் அங்கே இருந்தன. அதில் ஒரு தாய். புருசன் இல்லை. நாற்று நடுகை, களை பிடுங்குதல், அருவிவெட்டு என்று மற்றவர்களின் வயலில் கூலி வேலை. அவளுடைய ஒரே மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு. மார்கழியில் சாதாரண தரச் சோதனை எடுக்க வேண்டியவள், கணக்கில் கெட்டி. பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழும் வீட்டில் தாயின் தமிழும் பேசுவாள்.

ஆசிரியர் அறைக்குக் குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணி அள்ளி வைப்பது பிள்ளைகளின் வேலை. எந்தப் பிள்ளைகள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று இவளின் முறை. வாளியைச் சுமந்து வந்தவள் அறை வாசலில் அதை வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். உள்ளிருந்து கொப்பிக் கட்டோடு வந்த கணித ஆசிரியர் வாளி தடக்கி, தண்ணியோடும் கொப்பிகளோடும் முற்றத்தில் விழுந்தார். முழங்கால் வீங்கிப்போனது. அதைக்கூட அவர் மன்னித்திருப்பார். மூன்று வகுப்புப் பிள்ளைகள் யன்னலால் பார்த்துச் சிரித்ததைத்தான் மன்னிக்கவில்லை. வேண்டுமென்றே வைத்தாள், இவளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்ட வேண்டும் என்றார்.

தாய் கடைக்கு வந்தாள். சாமான் வாங்கும் ஆட்கள் போகும்வரைக்கும் ஓரமாக நின்றாள்.

"அண்ணே, புள்ளைய நிப்பாட்டிருவாங்களாம். நீங்க வந்து பேசுவீங்களாம்னு சொன்னாங்க."

நான் முதலில் வாளிக் கதை முழுவதையும் கேட்டேன். ஆசிரியர் விழுந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"ஸ்கூலு சட்டையோட போனா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கண்ணே. வீட்டுல நின்னா..." என்று நிறுத்தினாள்.

அவள் முடிக்கத் தேவையில்லை. அந்த வருடங்களில் பதினாறு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நின்றால், இயக்கத்துக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு ஆட்கள் வருவார்கள். அவளுக்கு இருந்ததே ஒன்று. எனக்குச் சிரிப்பு நின்றது.

"தங்கச்சி, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அதிபர் என்ர ஆள்" என்றேன்.

அன்று பின்னேரமே அவருடைய வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். தேத்தண்ணி வந்தது. விசயத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் மச்சான். இந்தத் தண்ணி அள்ளுற விசயம் கனநாளா எனக்கும் பிடிக்கேல்லை. அந்தக் குடியேற்றப் பிள்ளையளை மட்டும்தான் ரீச்சர்மார் அள்ள விடுகினம். அது உனக்குத் தெரியுமோ?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டினேன்.

"நானாச் சொன்னா ரீச்சர்மார் என்னோட கொழுவுவினம். பிள்ளை சொல்லட்டும். நீ சொல்லுற மாதிரி ஒழுங்கா ஒரு விசாரணை வைப்பம். அவையளையும் இருத்திப் போட்டு, பிள்ளையைப் பயப்பிடாம எல்லாத்தையும் சொல்லச் சொல்லு. அதைப் பிடிச்சு நான் தண்ணி அள்ளுறதையும் நிப்பாட்டி, வாளிக் கதையையும் முடிச்சு விடுறன்."

"உறுதியோ மச்சான்?"

"உன்னட்டப் பொய் சொல்லி நான் எங்க போறது?"

அன்று சைக்கிளில் வரும்போது நான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். என் குரலுக்குத் தெரு நாய்கள் எழும்பிப் போயின. அடுத்த நாள் வாய்க்கால் கரைக்குப் போய்த் தாயையும் மகளையும் இருத்திப் பாடம் எடுத்தேன். பிள்ளைக்கு, தண்ணி அள்ளுகிற விசயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றேன்.

"சொன்னாக் கோவிப்பினம் மாமா" என்றாள் பிள்ளை.

"அதிபரே சொல்லச் சொன்னவர், பிள்ளை. நான் பக்கத்தில இருப்பன்."

தாய்க்கு ஒரே ஒரு பாடம்தான். "அங்க வந்து பிள்ளைக்கு அடிக்கப்படாது. உரிச்செடுங்கோ எண்டு சொல்லப்படாது. அதெல்லாம் பழைய முறை."

"அடிக்காட்டி நான் புள்ளைக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்த மாதிரி இருக்காதா?"

"இருக்காது. இது விசாரணை."

அப்படித்தான் கழுத்துப்பட்டி அலுமாரி இல்லாத என் வீட்டின் பாயிலிருந்து அவிழ்ந்து கழுத்துக்கு வந்தது.

அதிபரின் கந்தோரில் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. கணித ஆசிரியர் முழங்காலை நீட்டி இன்னொரு கதிரையில் வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு ஆசிரியைகள். தாய் மகளோடு உள்ளே வந்தாள். வந்ததும், அவளுக்கே தெரியாமல், கை மேலே போய்விட்டது. பிள்ளையும் பழக்கத்தில் முதுகை வளைத்துவிட்டது. நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

"தங்கச்சி, வேண்டாம்."

கை அப்படியே அந்தரத்தில் நின்று, பிறகு இறங்கியது. பெருமையோடு அதிபரைப் பார்த்தேன். அவர் மேசையில் கிடந்த பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, பயப்பிடாமச் சொல்லும். ஏன் வாளியை வாசலில வச்சனீர்?" என்று பிள்ளையைக் கேட்டார்.

"கை நொந்தது சேர். வச்சிட்டு வகுப்புக்குப் போனனான். ஆரையும் விழுத்த வேணுமெண்டு வைக்கேல்லை."

"வேற ஏதும் சொல்ல இருக்கோ?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் பாய் முடிச்சு இறுக்கிய கழுத்தை ஆட்டினேன்.

"ஒவ்வொரு நாளும் எங்கட வாய்க்கால்கரைப் பிள்ளையளைத்தான் தண்ணி அள்ள விடுகினம் சேர். மற்றப் பிள்ளையள் ஒருத்தரும் அள்ளுறேல்லை. அவை சோதனைக்குப் படிக்கேக்க நாங்கள் கிணத்தடியில நிக்கிறம்."

கணித ஆசிரியர் நீட்டியிருந்த முழங்காலைக் கீழே இறக்கினார். பிறகு ஒரு ஆசிரியை மெதுவாக, "பாத்தீங்களோ சேர், வாயை" என்றா.

நான் அதிபரின் முறைக்காகக் காத்திருந்தேன். இப்போது அவர் நிமிர்ந்து, ஓம், இது பிழைதானே என்று ஆசிரியர்களைக் கேட்க வேண்டும். அவர் நிமிர்ந்தார்.

"இப்பிடிச் சொல்லச் சொல்லி உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

பிள்ளை கழுத்துப்பட்டியைப் பார்த்தாள். அறையில் இருந்த எல்லோரும் கழுத்துப்பட்டியைப் பார்த்தார்கள்.

"செயலாளர் அவர்களே, உங்களுக்கு இதைப்பற்றி ஏதும் தெரியுமோ?"

அவர்களே. அந்த வாயிலிருந்து எனக்கு மச்சான் என்பதைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை. கண்ணைச் சிமிட்டுகிறாரா என்று பார்த்தேன். ஆட்களுக்கு முன்னால் நடிக்கிறார், இந்தா சிமிட்டப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சிமிட்டவில்லை. கிடுகு வரிந்த மரத்தைச் சொல்லியிருக்கலாம். நேற்று முன்தினம் குடித்த தேத்தண்ணியைச் சொல்லியிருக்கலாம். நீர்தானே ஐயா சொல்லச் சொன்னது என்று கத்தியிருக்கலாம். என் வாய் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது.

"சேர், வாளியிட்டயும் ஒரு வாக்குமூலம் எடுப்பமோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காத பகிடி ஒன்று நடு அறையில் கிடந்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதைத் தடக்கி விழ ஆசிரியர் தேவையில்லை.

அதிபர் தொண்டையைச் செருமினார். வாளி தற்செயலாக இருக்கலாம் என்றார். ஆனால் படிப்பிக்கிற ஆசிரியர்கள் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று அவர்களின் முகத்துக்கு முன்னாலேயே பழி சுமத்துகிற மாணவியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்த முடியாது என்றார். இரண்டு பக்கமும் கேட்டாயிற்று என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் பட்டறையின் வசனம் அது. விடுகைப் பத்திரத்தை அடுத்த நாள் வந்து எடுக்கலாம்.

தாய்க்கு அப்போதுதான் விளங்கியது. எழும்பி மகளின் முதுகில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிங்க சார், புள்ளைய விட்டுராதீங்க" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அதிபர் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "விடுங்கோ" என்று அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. பிறகு அவளே நிறுத்தினாள். நிறுத்திவிட்டு மகளின் சட்டைக் கொலரைச் சரிசெய்து விட்டாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அதிபர் கடைக்கு வந்தார். கையில் பை.

"மச்சான், ஒரு கிலோ சீனி."

நிறுத்தேன். அவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோவமோடா? என்ர நிலமையை யோசி. மூண்டு பேரும் இடமாற்றம் கேட்டு நிண்டவை. கணக்குப் படிப்பிக்க இந்தப் பக்கத்துக்கு வேற ஆர் வரப்போயினம்? ஒரு பிள்ளையோ, முழுப் பள்ளிக்கூடமோ?"

"அப்ப வாளிக்கே நிப்பாட்டியிருக்கலாமே."

"வாளிக்காகப் பிள்ளையை நிப்பாட்டினா மேலிடத்தில என்னையெல்லோ கேப்பினம். ரீச்சர்மாரை அவமதிச்சது எண்டாத்தான் என்ர முடிவு நிக்கும். அவள் அதைத் தன்ர வாயால சொல்ல வேணும்."

சீனிப் பையின் வாயை முறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றது. முற்றத்துக் கதிரையும் தேத்தண்ணியும், உன்னட்டப் பொய் சொல்லி எங்க போறது என்றதும் ஒவ்வொன்றாக வந்து எனக்கு முன்னால் நின்றன.

"அண்டைக்குப் பின்னேரமே நீ முடிவெடுத்திட்டாய்."

"முந்தியே எடுத்திட்டன். உன்னட்டச் சொல்லியிருந்தா மூஞ்சையில காட்டிப் போடுவாய். உனக்கு ஒளிக்கத் தெரியாது மச்சான்" என்றார். அதை ஒரு பாராட்டுப் போலச் சொன்னார். காசைக் கொடுத்துவிட்டு என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நிறையைக் குறைத்துச் சீனி கொடுக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. சரியாகத்தான் நிறுத்திருந்தேன்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழும்பி, செயலாளர் பதவியை விடுகிறேன் என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் முகத்தை மாற்றாமல் நின்றதால் இன்னும் கூடச் சிரித்தார்கள். முன் வரிசையில் அதிபரும் சிரித்தார்.

பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு நான் தாயோடும் மகளோடும் போனேன், கழுத்துப்பட்டி இல்லாமல். சோதனை வருடத்தின் நடுவில், அதுவும் அந்தக் காரணம் எழுதிய விடுகைப் பத்திரத்தோடு வருகிற பிள்ளையை எடுக்க ஒருவரும் தயாராக இல்லை. கடைசியில் ஒட்டுசுட்டானில் தாயின் தம்பி இருந்த இடத்துப் பள்ளிக்கூடம் ஒன்று எடுத்தது, ஒரு வகுப்பு இறக்கி. மார்கழிச் சோதனை இல்லை, அடுத்த வருடம்தான். பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிவிடத் தாய் வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுவிட்டிருந்தாள். வழியில் யாரும் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை என்று தெரியட்டும் என்று. அடுத்த வருடம் சோதனை வர முதல் சண்டை வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய நாளொன்று. பிள்ளை ஒட்டுசுட்டானுக்குப் போன பிறகு தாய் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்க வந்தாள். நான் போத்தலை நிரப்பினேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குப் பதிலாக, பழக்கதோசத்தில், அதிபரைப்பற்றி ஏதோ பகிடி வந்தது. என்னோடு இவ்வளவு காலம் இருந்து கழுத்தை அறுத்துப்போட்டான், நல்ல காலம் கழுத்துப்பட்டி தப்பிவிட்டது என்கிற மாதிரி ஏதோ.

அவள் போத்தலின் வாயைத் துணியால் துடைத்து மூடினாள். என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை.

"அவரு உங்களுக்குத்தாண்ணே சிநேகிதரு, எங்களுக்கு இல்ல. அன்னைக்கு உள்ள வந்தப்பவே நான் ரெண்டு அடி வச்சிருந்தா என் புள்ள இன்னைக்கு வகுப்புல இருந்திருக்கும். கையப் புடிச்சது நீங்க."